ஊருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகம்

எங்களுள் ஒருவருக்கு மருமகள் முறையாகும் பெண் ஒருத்தி, முதுகலைத் தமிழ் படிக்க இடம் கிடைத்தும் சேரவில்லை என்ற செய்தி சென்ற ஆண்டு எங்கள் நண்பர் வட்டத்தை வந்தடைந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூர் அவளுடையது. மதிப்பெண்ணில் குறையில்லை. கட்டணமும் பெருந்தடை அன்று. வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: மாலையில் எந்த வண்டியைப் பிடித்து எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்வாய்? வளாகத்து வாசலில் மொபசல் வண்டி நின்றால், உசிலம்பட்டியில் தன் ஊருக்குச் செல்லும் நகரப் பேருந்தின் கடைசி நடையைப் பிடித்துவிடலாம் என்றிருக்கிறாள். நிற்காவிட்டால் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவளிடம் விடை இல்லை. எங்களிடமும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

தமிழில் உயர்கல்வி பற்றிப் பேசுவோர் பாடத்திட்டம், துணைவேந்தர் நியமனம், ஆய்வேடுகளின் தரம் என்று நிறையப் பேசுகிறார்கள். பேச வேண்டியவைதாம். ஆனால் மாணவர் அந்த வளாகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார், எப்படித் திரும்புகிறார் என்பது கல்வி பற்றிய கேள்வியாகவே கருதப்படுவதில்லை. அது ஏதோ போக்குவரத்துத் துறையின் கவலை என்று தள்ளிவிடப்படுகிறது. இந்தப் பாகுபாடு தவறானது என்பதே எங்கள் கட்சி.

நாங்கள் அனைவரும் வெவ்வேறு ஆண்டுகளில் மதுரையிலிருந்து பல்கலை நகருக்குப் பேருந்தில் போய்வந்தவர்கள். நகரின் நடுவிலிருந்து தேனி சாலையில் மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர். பெரியார் நிலையத்தில் ஏறினால் காளவாசல் வரும்வரை வண்டி ஊர்ந்தே செல்லும். காளவாசலில் ஏறும் கூட்டத்தோடு வண்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விராட்டிபத்து, அச்சம்பத்து கடந்த பிறகுதான் காற்று உள்ளே வரும். நாகமலை புதுக்கோட்டையில் பாதிப் பேர் இறங்கியதும், அதுவரை அக்குளில் இடுக்கி வைத்திருந்த புத்தகத்தைப் பிரிக்க இடம் கிடைக்கும். பெயருக்கேற்றபடி பாம்புபோல் நெளிந்து கிடக்கும் நாகமலை சாலையோடு கூடவே வரும். தெற்கே கீழக்குயில்குடியின் சமணர் மலை. அம்மலையில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் மகாவீரர் முதலிய தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருப்பதை எங்களுள் சிலர் வகுப்பறையில் அறிவதற்கு முன்பே பேருந்தில் அறிந்தோம். பக்கத்து இருக்கையில் வந்த ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் மலையைக் காட்டி, "அந்தா தெரியுதுல்ல, அதுக்குள்ளதான் செட்டியார் ஒக்காந்திருக்காரு" என்றார். செட்டிப்புடவில் அமர்ந்திருக்கும் மகாவீரரைத்தான் அவர் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது.

நிற்பவர்கள் தங்கள் பைகளை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவது நம் பேருந்துகளின் வழக்கம். பெயர் கேட்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை. ஒருமுறை எங்கள் நண்பர் ஒரு சிற்றிதழைப் பையோடு சேர்த்து ஒரு மூதாட்டிக்கு அடுத்திருந்த மனிதரிடம் கொடுத்தார். கோரிப்பாளையத்தில் பழக்கடை வைத்திருப்பவராம். அச்சம்பத்துக்குள் அவர் ஒரு கதையைப் படித்து முடித்துவிட்டார். இறங்குமுன் இதழைத் திருப்பிக் கொடுத்து, "தம்பி, இதுல அந்தப் பிள்ள கடைசில வீட்டுக்குப் போனாளா இல்லையான்னு எழுதலயே, ஏன்?" என்று கேட்டார். முதுகலை வகுப்பில் அக்கதையை நாங்கள் இரண்டு மணி நேரம் விவாதித்தபோது எவரும் கேட்காத கேள்வி அது. (அப்போது அதைக் கேட்டுச் சிரித்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.)

இத்தகைய நினைவுகளைச் சொல்லும்போது ஒரு சபலம் எழுகிறது. பேருந்துப் பயணத்தை ஓர் இலக்கிய அனுபவமாக்கி, இடிபட்டதையும் மிதிபட்டதையும் இனிமையாக்கிவிடும் சபலம். ஆண்களாகிய எங்களில் பெரும்பாலோருக்கு அது எளிது. எங்களுடன் படித்த தோழியரிடம் இதே பயணத்தைப் பற்றிக் கேட்டபோது, நாகமலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எந்த இருக்கைக்குப் பக்கத்தில் நிற்கலாம், எந்தக் கம்பியைப் பிடிக்கக் கூடாது, துப்பட்டாவில் எத்தனை ஊசி குத்த வேண்டும் என்பவையே அவர்கள் நினைவில் இருந்தன. ஊசி குத்துவதற்கு மட்டுமன்று என்று ஒருவர் சேர்த்துச் சொன்னார்.

பல்கலைக்கழகங்கள் ஏன் ஊருக்கு வெளியே போயின? 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் கடற்கரையில், நகரத்தின் முகத்திலேயே இருந்தது. மிகத் தாமதமாக என்றாலும் 1995இல் பறக்கும் ரயில் அதன் முதுகுப்புறமாகச் சேப்பாக்கம் வரை வந்து சேர்ந்தது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் எழுந்தபோது ரயில் நிலையம் நடக்கும் தொலைவில் இருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் கொழும்பிலிருந்து பேராதனை மலைச்சரிவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கும் வளாகத்தை ஒட்டிச் சரசவி உயன என்று ஒரு ரயில் நிறுத்தம் உண்டு. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் அமைந்தபோது, சைக்கிளில் வரக்கூடிய தூரத்திலேயே அமைந்தது. தமிழ்நாட்டில் 1960களுக்குப் பின் வந்தவற்றின் கதை வேறு. 1966இல் மதுரை, 1981இல் தஞ்சையில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் தமிழ்ப் பல்கலைக்கழகம், 1982இல் திருச்சிக்கு வெளியே புதுக்கோட்டைச் சாலையில் பாரதிதாசன், கோவைக்கு வெளியே மருதமலை அடிவாரத்தில் பாரதியார், 1990இல் நெல்லைக்கு வெளியே அபிசேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார். எல்லாமே பரந்த நிலம். மதுரை வளாகம் மட்டுமே 750 ஏக்கர் அளவினது. ஊருக்குள் அவ்வளவு நிலம் கிடைக்காது என்பது உண்மைதான்.

ஆனால் நிலம் மட்டுமே காரணம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஊரின் இரைச்சலிலிருந்து விலகினால்தான் அறிவு விளையும் என்றொரு நம்பிக்கையும் அதில் கலந்திருந்தது. ஒரு பக்கம் ஆசிரமக் கனவு, மறுபக்கம் அமெரிக்க வளாகங்களைப் பார்த்து வந்த கனவு. அந்தக் கனவில் மாணவர் விடுதியில் தங்குவார், ஆசிரியர் குடியிருப்பில் வசிப்பார், மாலையில் மரத்தடியில் உரையாடுவர். காலையில் மாடு கறந்துவிட்டு, இரண்டு வண்டி மாறி வந்து, மாலையில் கடைசி நடைக்காகக் கடிகாரத்தைப் பார்க்கும் மாணவி அந்தக் கனவில் இல்லை. அவள் வந்தாள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவளாக, அரசுக் கலைக்கல்லூரி ஒன்றிலிருந்து வந்தாள். நிறுவனத்தின் வரைபடம் அப்படியே இருந்தது. இடையிலிருந்த 13 கிலோமீட்டரையோ 25 கிலோமீட்டரையோ கடந்துகொள்வது அவள் பாடு என்று விடப்பட்டது.

நகரப் பேருந்துக்கும் மொபசல் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை இங்குச் சற்று விளக்க வேண்டும். பெருநகர வாசகர் பலருக்கு இது தெரிந்திருக்காது. மதுரையிலிருந்து போகிறவருக்கு நகரப் பேருந்து உண்டு. அது எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும். மேற்கிலிருந்து, அதாவது உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்திலிருந்து வருகிறவர் பெரும்பாலும் நீண்டதூர வண்டியையே நம்ப வேண்டும். அவ்வண்டிக்கு நேரமே உயிர். நடுவழியில் கைகாட்டும் நான்கு மாணவர்களை ஏற்ற நிறுத்தினால் இரண்டு நிமிடம் போகும், பின்னால் வரும் வண்டி முந்திவிடும், வசூல் குறையும். எனவே, "யூனிவர்சிட்டி நிக்காது, நிக்காது, ஏறாதீங்க" என்ற குரல் நிலையத்திலேயே எழும். நாங்கள் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வரி அது. அந்த நடத்துநரைக் கொடியவராகச் சித்திரிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அவருக்கு மேலே வசூல் கணக்குக் கேட்கிறவர் இருக்கிறார். நிறுத்து என்று எழுதிய தாளும் வசூல் எங்கே என்று கேட்கும் தாளும் ஒரே அலுவலகத்திலிருந்து வருகின்றன. இவற்றில் எது வலுவானது என்பது நடத்துநருக்குத் தெரியும்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அண்மைக் காலத்தில் உயர்கல்விக்கென்று அறிவிக்கப்படாமலேயே உயர்கல்விக்கு நிகழ்ந்த பெரிய நன்மைகளுள் இதுவும் ஒன்று என நாங்கள் கருதுகிறோம். வீட்டில் கையேந்தாமல் ஒரு பெண் வெளியே கிளம்ப முடிகிறது என்பதன் பொருள், பணத்தின் அளவில் அடங்குவதன்று. நூலகத்துக்குச் சனிக்கிழமையும் போகலாம். கூட்டம் ஒன்றுக்குப் போகலாம். எதற்கு என்று கேட்டால் சொல்லாமலும் போகலாம். இதை 'ஓசிப் பயணம்' என்று எள்ளும் குரல்களைப் பேருந்திலேயே கேட்கிறோம். பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தைக் கண்டும் காணாமல் வண்டி கடந்துபோவதையும் பார்த்திருக்கிறோம். அந்த எள்ளல் புதிதன்று. மாணவர் சலுகை அட்டையை நீட்டியபோது எங்கள் காலத்து நடத்துநர் முகத்தில் தோன்றிய அதே சுளிப்புதான். காசு கொடுக்காதவர் பயணி அல்லர் என்ற எண்ணம் நம்முள் ஆழமாகவே ஊறியிருக்கிறது.

ஆயினும் இந்த நன்மை எங்கள் நண்பரின் மருமகளை எட்டவில்லை. அவள் ஏற வேண்டியது மொபசல் வண்டி. அதில் கட்டணம் உண்டு, நிறுத்தம் உறுதியில்லை. அவள் ஊரிலிருந்து உசிலம்பட்டி வரை செல்லும் நகரப் பேருந்தில் கட்டணமில்லை; ஆனால் அது நாளுக்கு நான்கு நடை. இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் வண்டி இல்லை, வண்டி இருக்கும் இடத்தில் அவளுக்கு நிற்பதில்லை.

ரயிலைப் பற்றியும் ஒரு சொல். தேனிச் சாலையின் போக்கிலேயே போடி இருப்புப்பாதையும் செல்கிறது. வடபழஞ்சியில் ஒரு நிலையமும் உண்டு. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் அந்த மீட்டர்பாதை மூடப்பட்டது. மதுரையிலிருந்து தேனிவரை மீண்டும் பயணிகள் வண்டி ஓடியது 2022 மே மாதத்தில். போடிவரை 2023 ஜூனில். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் மேற்கிலிருந்து வந்து படிக்க வேண்டிய ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. 2022இல் மீண்டும் தொடங்கியபோது நாளொன்றுக்கு ஒரே ஒரு வண்டி. காலையில் மதுரையில் புறப்பட்டுத் தேனி சென்று, மாலையில் தேனியிலிருந்து மதுரை திரும்பும். மேற்கேயிருந்து கிழக்கே படிக்கப்போகும் பிள்ளைக்கு இதைவிடத் தலைகீழான ஓர் அட்டவணையை வேண்டுமென்றே முயன்றாலும் எழுத முடியாது. எழுதியவர் அந்தப் பிள்ளையை நினைத்து எழுதவில்லை, அவ்வளவே.

எங்கள் வட்டத்திலேயே இதில் ஒருமித்த கருத்தில்லை. தனியார் பொறியியல் கல்லூரியில் பணியாற்றும் நண்பர், கல்லூரியே சொந்தமாகப் பேருந்து விட்டால் சிக்கல் தீர்ந்தது என்கிறார். 1980களின் நடுவில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகத் தொடங்கியதிலிருந்து நம் சாலைகளெங்கும் காலை ஏழு மணிக்குக் கல்லூரிகளின் பெயர் தாங்கிய வண்டிகள் வரிசையாகச் செல்கின்றன. பாதுகாப்பு, நேரம் தவறாமை, வீட்டு வாசல்வரை வருதல், எல்லாம் உண்மை. தம் மகளை அதில்தான் அனுப்புவதாக அவர் சொல்லும்போது நாங்கள் எதிர்வாதம் செய்யவில்லை. எங்கள் மறுப்பு வேறு. அவ்வண்டியில் ஏறும் பிள்ளை நான்காண்டுகள் தன் வயதுக்காரரைத் தவிர வேறெவரையும் காணாமல் போய்வருகிறது. பழக்கடைக்காரரும் ஆடு மேய்க்கும் பெரியவரும் அந்த வண்டியில் ஏற முடியாது. அதைவிட முக்கியமானது, வசதியுள்ளோர் எல்லாரும் தனி வண்டிக்குப் போய்விட்டபின், பொது வண்டிக்காகக் கேட்கக் குரலுள்ளவர் எவரும் அந்நிறுத்தத்தில் மிஞ்சுவதில்லை. அரசுப் பள்ளிகளுக்கு நேர்ந்ததை நாம் கண்டிருக்கிறோம். "உங்க லட்சியத்துக்கு என் பொண்ணு ஏன் ரோட்ல நிக்கணும்?" என்றார் நண்பர். அக்கேள்வியையும் இங்கே பதிந்துவைக்கிறோம்.

படிக்கட்டில் தொங்கும் மாணவர்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை முடிந்தால் நேர்மையாகாது. சென்னையில் 'பஸ் டே' என்ற பெயரில் நடந்தவற்றைக் கண்டு 2011இல் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதன் பிறகும் 2019 ஜூனில், ஓடும் பேருந்தின் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியை நாடே பார்த்தது. அதில் வீரமும் இல்லை, கலகமும் இல்லை. எனினும் அக்காட்சி ஒன்றைச் செய்துவிட்டது: பேருந்தும் மாணவரும் என்றாலே பொதுமனத்தில் அந்தப் படம்தான் எழுகிறது. காலை எட்டு மணிக்கு உள்ளே கால் வைக்க இடமில்லாததால் படியில் நிற்கிறவனும், கூரையேறிப் பாட்டுப் பாடுகிறவனும் ஒருவனே என்றாகிவிட்டது. 2018 ஜனவரியில் கட்டணம் கடுமையாக உயர்ந்தபோது தமிழகமெங்கும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது தங்களுக்காக மட்டுமன்று. அந்தப் படம் எவர் நினைவிலும் தங்கவில்லை.

நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. வளாக வாசலில் காலையிலும் மாலையிலும் சில மணி நேரமாவது மொபசல் வண்டிகள் நின்றே தீர வேண்டும் என்பதும், அப்படி நிற்பதற்கான நேரம் ஓட்டுநரின் அட்டவணையிலேயே சேர்க்கப்பட வேண்டும் என்பதும்தான். நேரத்தைக் கொடுக்காமல் நில் என்று மட்டும் சொல்வது அவர்மேல் பழியைச் சுமத்துவதாகும். நூலகம் மூடும் வேளைக்கும் கடைசி வண்டிக்கும் ஏதேனும் உறவிருக்க வேண்டும். வகுப்பு நேரத்தை வகுக்கிறவரும் வண்டி நேரத்தை வகுக்கிறவரும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மேசையில் அமர வேண்டும். பல்கலைக்கழகம் எதுவானாலும் இது பொருந்தும். மதுரையைச் சொன்னது, அந்தச் சாலை எங்களுக்குத் தெரியும் என்பதால்.

இலக்கியக் கூட்டம் நடத்துகிற எங்களுக்கும் இதில் குற்றவுணர்வு உண்டு. மாலை ஐந்தரைக்கு என்று அழைப்பிதழில் போட்டு ஆறேகாலுக்குத் தொடங்கி, வரவேற்புரைக்கே அரை மணி கொடுத்து, பெண்கள் வருவதில்லையே என்று அங்கலாய்த்திருக்கிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் சிலப்பதிகாரம் பற்றிய ஒரு கூட்டத்தில் பேச்சாளர் வஞ்சினமாலைக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். பின்வரிசையில் ஐந்து மாணவிகள் ஓசைப்படாமல் எழுந்தார்கள். அவர்களில் ஒருத்தி போகும் வழியில் எங்களுள் ஒருவர் கையில் ஒரு சிறு காகிதத்தைத் திணித்துவிட்டு, "அண்ணே, கேள்வி நேரத்துல இத கேட்ருங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஓடினாள். கட்டணமில்லாப் பயணச் சீட்டு. அதன் பின்புறம், வெள்ளையாக இருந்த இடத்தில், பொடி எழுத்தில் ஒரு கேள்வி: மதுரை எரிந்தபோது கோவலன் தங்கியிருந்த மாதரியின் ஆய்ச்சேரி நகருக்கு வெளியே இருந்ததுதானே, அங்கிருந்தவர்கள் மறுநாள் பால் விற்க எந்த ஊருக்குப் போனார்கள்?

கேள்வி நேரத்தில் அதைப் படித்தோம். பேச்சாளர் நெடுநேரம் யோசித்து நல்லதொரு பதில் சொன்னார். அது எங்களுக்குத்தான் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சீட்டு இருக்கிறது, மை மங்கி, ஏறிய இடமும் இறங்கும் இடமும் இப்போது படிக்க முடியவில்லை.